ஒரு கலத்தின் ஏட்டை வாசித்த வரலாறு

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது தமிழர் அடுக்களையிற் பிறந்த முதுமொழி. பானையிலே உள்ள அரிசி முழுவதும் ஒரே நெல்லிலிருந்து வந்தது. ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்தது. ஆதலால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாற் போதும். மற்றவற்றின் நிலை தெரிந்துவிடும். ஆனால் அப்பானையிலே அரிசியோடு பயறும், கொள்ளும், எள்ளும் கலந்திருந்தால் ஒரு பருக்கை மற்றெதற்கும் சாட்சி சொல்ல மாட்டாது. பானை முழுவதையும் அரைத்துக் கூழாக்கிச் சுவைத்தாலும் பயன் இல்லை. எள் ஒன்று உள்ளே இருந்தது என்பதே மறைந்து போகும்.

உயிரினங்களின் உடல் இவ்விரண்டாம் வகைப் பானையைப் போன்றது. மூளையிலும் ஈரலிலும் குருதியிலும் உள்ள கலங்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒரே உறுப்பினுள்ளேயே அருகருகே இருக்கும் இரண்டு கலங்கள் வெவ்வேறு தொழில் புரிவனவாக இருத்தல் கூடும். எனினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உயிரிரசாயன அறிஞர்கள் இலட்சக் கணக்கான கலங்களை ஒருங்கே அரைத்துக் கூழாக்கியே ஆராய்ந்து வந்தனர். ஒரு தனிக் கலத்தினுள் இருக்கும் பொருள் அவ்வளவு அற்பமானது; அதை எடுத்து வாசிக்கும் வழி அவர்களிடம் இல்லை. அவ்வழி எவ்வாறு பிறந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கலத்தின் கருவினுள்ளே டீ.என்.ஏ. என்னும் அமிலம் இருக்கின்றது. பரம்பரைச் செய்திகள் யாவும் எழுதப்பெற்ற மூல ஏடு அதுவே. பழைய மடங்களிலே மூல ஏட்டைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, வேண்டிய பகுதியை மட்டும் பெயர்த்தெழுதி வெளியே கொடுப்பது வழக்கம். கலமும் அவ்வாறே செய்கின்றது. தனக்கு அன்றன்று வேண்டிய பகுதியை ஆர்.என்.ஏ. என்னும் வேறோர் அமிலத்திற் பெயர்த்தெழுதிக் கருவுக்கு வெளியே அனுப்புகின்றது. அப்படியைப் பார்த்தே புரதங்கள் ஆக்கப்படுகின்றன. உடலின் கலங்கள் ஏறக்குறைய யாவற்றிலும் மூல ஏடு ஒன்றே. பெயர்த்தெழுதப்படும் பகுதிகளே வேறு. நரம்புக் கலம் நரம்புக் கலமாகவும் ஈரற் கலம் ஈரற் கலமாகவும் இருப்பதன் காரணம் இதுவே. ஆகவே ஒரு கலம் இன்று என்ன செய்கின்றது என்று அறிய விரும்புபவர் அதன் ஆர்.என்.ஏ.யை வாசித்தல் வேண்டும்.

வாசிப்பதோ எளிதன்று. பாலூட்டியின் ஒரு கலத்திலே இருக்கும் ஆர்.என்.ஏ. முழுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 10 பிக்கோகிராம் தேறும். ஒரு கிராமைப் பத்தாயிரங் கோடி கூறுகளாகப் பிரித்தால் அவற்றுள் ஒரு கூறு அந்த அளவினது. அந்த ஒரு கூற்றிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கு, புரதங்களை ஆக்கும் இயந்திரத்தின் உறுப்பாகிய ஆர்.என்.ஏ. ஆகும், அது எல்லாக் கலங்களிலும் ஒரே தன்மையது. செய்தியைத் தாங்கிச் செல்லும் தூது ஆர்.என்.ஏ. நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரையே உண்டு. வாசிக்கத்தக்க ஏடு அச்சிறு பங்கில்தான் இருக்கின்றது.

இவ்வற்பப் பொருளுக்குப் பகையும் உண்டு. ஆர்.என்.ஏ.யை வெட்டிச் சிதைக்கும் நொதியங்கள் எங்கும் பரந்திருக்கின்றன. மனிதரின் விரல்நுனி வியர்வையிலும், உமிழ்நீரிலும், மேசைமீது படியும் தூசியிலும் அவை உள. சதையியிலிருந்து கிடைக்கும் அத்தகைய நொதியம் ஒன்று வெப்பத்தைத் தாங்கி நிற்கின்றது என்று 1920ஆம் ஆண்டிலேயே வால்டர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டறிந்தார். 1940இல் மோசஸ் கூனிற்ஸ் அதனைப் பளிங்குருவிலே பிரித்தெடுத்தார். பெரும்பாலான நொதியங்கள் கொதிநீரிற் செயலிழந்து போக, இதுவோ கொதித்து ஆறிய பின்னரும் தன் தொழிலை மீண்டும் தொடங்கும். ஆர்.என்.ஏ. ஆராய்ச்சி செய்பவர் கையுறை அணிவதும், நீரையும் பாத்திரங்களையும் தனியாகப் பதப்படுத்துவதும், பனிக்கட்டியின்மேல் வைத்தே வேலை செய்வதும் இப்பகைக்கு அஞ்சியே. ஒரு குடம் பால் இருக்கும்போது ஒரு துளி சிந்தினால் நட்டம் இல்லை. இருப்பதே ஒரு துளியானால் சிந்துதற்கு இடம் ஏது?

இவ்வரலாற்றின் தொடக்கத்திலே ஒரு குடம் அன்று, பல குடங்கள் தேவைப்பட்டன. ஆர்.என்.ஏ. ஒன்றின் எழுத்து வரிசையை முதன்முதலில் முழுமையாக வாசித்தவர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் ஹொலி என்பவர். அவர் தேர்ந்தெடுத்தது மதுவத்திலே உள்ள ஒரு சிறு ஆர்.என்.ஏ.; அலனின் என்னும் அமினோவமிலத்தைச் சுமந்து செல்வது. ரொட்டி சுடுவோர் பயன்படுத்தும் மதுவத்தை நூறு கிலோகிராம் என்னும் தரத்திலே வாங்கி, அதிலிருந்து படிப்படியாகப் பிரித்துப் பிரித்து, ஈற்றில் ஒரு கிராம் தூய பொருளை அவர் குழுவினர் பெற்றனர். அவ்வொரு கிராமைச் சேர்ப்பதற்கு மட்டும் மூன்று ஆண்டுகள் சென்றன.

அதனை வாசித்த முறை வியக்கத்தக்கது. பகையாகிய அந்நொதியத்தையே அவர்கள் கருவியாகக் கொண்டனர். மாட்டுச் சதையியின் நொதியம் ஒருவகை எழுத்துக்களின் பக்கத்தில் வெட்டும். யப்பானியர் ஒரு பூசணத்திலிருந்து கண்டெடுத்த மற்றொரு நொதியம் வேறு எழுத்தின் பக்கத்தில் வெட்டும். இரண்டு வகையாகவும் வெட்டிப் பெற்ற துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து முழு வரிசையையும் ஊகித்தனர். 77 எழுத்துக்கள் கொண்ட அவ்வரிசை 1965ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1968இல் ஹொலி, ஹர்கோவிந்த் கொரானா, மார்ஷல் நைரன்பேக் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூட்டைக் கணக்கான மதுவமும் பல ஆண்டு உழைப்பும் செலவிட்டு வாசித்த ஏட்டிலே எண்பது எழுத்துக்கூட இல்லை என்பதை நினைவிற் கொண்டால், பின்வந்தோர் எவ்வளவு தூரம் நடந்தனர் என்பது விளங்கும்.

பொருளின் அளவைக் குறைப்பதற்கு முதல் வழி காட்டியவர் கேம்பிறிட்ஜ் நகரத்துப் பிரெடெரிக் சாங்கர். கதிர்த்தொழிற்பாடுடைய பொசுபரசை உயிர்களுக்கு ஊட்டி, அவற்றின் ஆர்.என்.ஏ. தானே தன் இருப்பைப் புகைப்படத் தகட்டிற் பதிக்குமாறு அவர் குழுவினர் செய்தனர். கண்ணுக்குப் புலப்படாத அளவும் தகட்டிலே கரும்புள்ளியாய்த் தெரிந்தது. இவ்வழியைப் பின்பற்றி பெல்ஜியம் நாட்டுக் கென்ற் நகரில் வால்டர் பியேர்ஸ் என்பவர் பற்றீரியாவைத் தாக்கும் எம்.எஸ்.2 என்னும் வைரசின் ஆர்.என்.ஏ.யை 1976இல் முழுமையாக வாசித்து முடித்தார். அதன் நீளம் 3,569 எழுத்துக்கள். ஆயினும் அந்த வைரசு கோடிக் கணக்கிற் பெருகுவது. ஒரே வகை ஆர்.என்.ஏ.யை உடையது. பலவகை ஆர்.என்.ஏ.க்கள் கலந்து கிடக்கும் ஒரு சிறு கலத்துக்கு அம்முறை உதவவில்லை.

திருப்பம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. செய்தி டீ.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ.க்குச் செல்லும், மீண்டும் திரும்பாது என்பது அக்காலத்தில் பெரும்பாலோர் கொண்டிருந்த கொள்கை. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஹவாட் ரெமின், சில புற்றுநோய் வைரசுகளின் ஆர்.என்.ஏ. டீ.என்.ஏ.யாக மாறுகின்றது என 1960களில் எழுதியபோது அதனை ஏற்றோர் சிலரே. 1970 யூன் மாதத்தில் ரெமினும் அவருடன் உழைத்த சத்தோஷி மிசுத்தானியும் ஒருபுறமும், மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து டேவிட் பால்ரிமோர் தனியே மறுபுறமும், ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டீ.என்.ஏ.யை எழுதும் நொதியத்தைக் கண்டு ஒரே இதழில் அறிவித்தனர். 1975இல் ரெமினும் பால்ரிமோரும் ரெனாற்றோ டுல்பெக்கோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

புற்றுநோயை ஆராயப் புகுந்தவர் கண்ட இந்த ‘எதிர்ப்பெயர்ப்பு நொதியம்’ ஆர்.என்.ஏ. ஆராய்ச்சி முழுவதற்கும் திறவுகோலாயிற்று. ஆர்.என்.ஏ. விரைவிற் சிதைவது, டீ.என்.ஏ. உறுதியானது. நைந்து உதிரும் ஓலையை உறுதியான செப்பேட்டிற் பெயர்த்துவிட்டால் பின்னர் அச்சமின்றிக் கையாளலாம் அன்றோ? அதே காலத்தில் வேறொரு வசதியும் வெளிப்பட்டது. தூது ஆர்.என்.ஏ.க்கள் பெரும்பாலானவற்றின் வால்நுனியிலே ‘ஏ’ என்னும் ஒரே எழுத்து நூற்றுக்கு மேற்பட்ட தடவை திரும்பத் திரும்ப வருகின்றது என 1971இல் பல குழுவினர் அறிவித்தனர். அதற்கு இணையான ‘ரீ’ எழுத்துக்களின் சரத்தைத் தூண்டிலாக இட்டுத் தூது ஆர்.என்.ஏ.க்களை மட்டும் பிடிக்கும் முறையை 1972இல் அவீவ், லீடர் என்னும் இருவர் வெளியிட்டனர். பெரும்பங்காகிய இயந்திர ஆர்.என்.ஏ.க்கு இவ்வால் இல்லை. ஆதலால் அது தூண்டிலில் அகப்படுவதில்லை.

இவ்வாறு பெயர்த்தெழுதப்பட்ட டீ.என்.ஏ. துண்டுகளின் தொகுதிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ‘நூலகம்’ என்பது. 1970களிலே துண்டுகளைப் பற்றீரியாவினுள் புகுத்தி வளர்த்து, ஒவ்வொரு துண்டையும் வேண்டும்போது எடுக்குமாறு சேமித்து வைத்ததனால் இப்பெயர் தோன்றியது. பொருத்தமான பெயரே. ஒரு நூலகத்தின் தரம் அதிலுள்ள நூல்களின் தொகையைக் கொண்டு மட்டும் அறியப்படுவதில்லை. எத்தனை வெவ்வேறு நூல்கள் உள என்பதைக் கொண்டும் அறியப்படும். ஒரே நூலின் ஆயிரம் படிகளை அடுக்கி வைத்த மண்டபம் நூலகம் ஆகாது. சிறு அளவு ஆர்.என்.ஏ.யிலிருந்து நூலகம் அமைக்க முயன்றோர் பின்னர் எதிர்கொண்ட பெருஞ்சிக்கல் இதுவே.

ஆர்.என்.ஏ.யைச் சிதையாமல் வெளியெடுப்பதற்கும் வழி வேண்டியிருந்தது. குவானிடினியம் தயோசயனேற்று என்னும் உப்பு கலத்தை உடைக்கும் அதே கணத்திற் பகை நொதியத்தையும் செயலிழக்கச் செய்யும் என்று சேர்குவின் முதலியோர் 1979இல் காட்டினர். 1987இல் கொம்சின்ஸ்கி, சாக்கி என்னும் இருவர் அதனைப் பினோலுடனும் குளோரபோமுடனும் சேர்த்து, சில மணி நேரத்தில் முடியும் எளிய முறையாக்கினர். இழைய ஆராய்ச்சிக்கு இது பெரும் வரப்பிரசாதம். ஒரு தனிக் கலத்துக்கோ இத்தனை பாத்திரங்கள் மாற்றுவதே ஆபத்து. ஒவ்வொரு மாற்றத்திலும் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் சிறு பங்கே முழுப்பங்காய் விடும். ஆகையால் பிற்காலத்தோர் கலத்தை உடைத்த அதே குழாயிலேயே, எதையும் வெளியே எடுக்காமல், அடுத்த படிகளையும் செய்யத் தலைப்பட்டனர்.

அடுத்த கேள்வி பெருக்குதல் பற்றியது. 10 பிக்கோகிராமை எந்த இயந்திரமும் நேரே வாசிக்க மாட்டாது. அதைப் பல்லாயிரம் மடங்காகப் பெருக்குதல் வேண்டும். 1983இல் கலிபோர்னியாவிலே கேரி மலிஸ் என்பவர் டீ.என்.ஏ. துண்டொன்றைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கச் செய்யும் முறையைக் கண்டார். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இருபது சுற்றில் 10,48,576 ஆகும். 1990இல் ரொறன்ரோ நகரத்துப் பிராடி, பார்பரா, இஸ்கோவ் ஆகியோர் தனிக் குருதியாக்கக் கலங்களின் தூதுகளை இம்முறையாற் பெருக்கிக் காட்டினர்.

இம்முறையின் வேகமே அதன் குறையும் ஆகும். இரண்டு துண்டுகள் சம எண்ணிக்கையில் இருப்பதாகக் கொள்க. ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் சரியாக இரு மடங்காகின்றது; மற்றது, தன் எழுத்துக்களின் அமைப்பினாலோ நீளத்தினாலோ, 1.9 மடங்கே ஆகின்றது. வேறுபாடு அற்பமாகத் தோன்றும். இருபது சுற்று முடிவிலோ முன்னது பின்னதைப்போல் 2.8 மடங்கு இருக்கும். கலத்தினுள்ளே சமமாக இருந்தவற்றை வாசிப்பவர் ஒன்று மற்றொன்றைவிட மும்மடங்கு என எழுதி வைப்பார். ஏட்டிலிருந்து ஏடு பெயர்த்து, அந்த ஏட்டிலிருந்து மற்றோர் ஏடு பெயர்த்தால் முதலாமவர் செய்த பிழை வழிவழியாய் வளர்வது போன்றது இது.

இக்குறைக்கு மாற்று வழி கண்டவருள் முதன்மையானவர் ஜேம்ஸ் எபர்வைன். அவரும் வான் கெல்டர் முதலியோரும் 1990இல் வெளியிட்ட முறையிலே படியிலிருந்து படி எடுப்பது இல்லை. பெயர்த்தெழுதப்பட்ட டீ.என்.ஏ.யின் நுனியில் ‘ரீ7’ என்னும் வைரசின் தொடக்கக் குறியொன்றைச் சேர்த்துவிடுவர். அவ்வைரசின் நொதியம் அக்குறியைக் கண்டதும் அங்கிருந்து ஆர்.என்.ஏ. படிகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே இருக்கும். ஆயிரம் படியும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவை; ஆதலால் ஒரு படியிற் புகுந்த பிழை மற்றப் படிக்குத் தாவாது. பெருக்கம் மெதுவானது, விகிதமோ பெரும்பாலும் காக்கப்படும். 1992இல் எலியின் மூளையிலிருந்து பிரித்த உயிருள்ள நரம்புக் கலமொன்றினுள் நுண்குழாயைச் செலுத்தி, எதிர்ப்பெயர்ப்பைக் கலத்தின் உள்ளேயே தொடங்கி வைத்து, அதன் தூதுகளை எபர்வைன் குழுவினர் ஆராய்ந்தனர். ஒரு தனி நரம்புக் கலத்தின் செய்தியை அறியலாம் என்னும் துணிவு அன்று பிறந்தது. ஆயினும் முன்னரே அறியப்பட்ட சில பரம்பரையலகுகளைத் தேடிப் பார்க்க மட்டுமே அன்று இயன்றது. ஏட்டின் முழுப் பாடத்தையும் வாசிப்பதற்கு இயந்திரம் பிறக்கவில்லை.

அவ்வியந்திரம் 2005ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வரத் தொடங்கியது. இலட்சக் கணக்கான சிறு டீ.என்.ஏ. துண்டுகளை ஒரே வேளையில் வாசிக்கவல்ல புதிய கருவிகள் அவை. 2008இல் யேல் பல்கலைக்கழகத்து மைக்கேல் ஸ்னைடர் குழுவினர் மதுவத்தின் ஆர்.என்.ஏ.யையும், கலிபோர்னியாவிலே பார்பரா வோல்ட் குழுவினர் எலியின் உறுப்புக்களின் ஆர்.என்.ஏ.யையும் இவ்வாறு வாசித்து வெளியிட்டனர். ஒரு பரம்பரையலகின் துண்டு எத்தனை தடவை வாசிக்கப்படுகின்றதோ அதுவே அதன் அளவுக்குச் சான்று. ஆனால் இம்முறை இலட்சக் கணக்கான கலங்களின் ஆர்.என்.ஏ.யை வேண்டி நின்றது. பானை முழுவதும் கூழாக்கப்பட்டே வந்தது.

2009ஆம் ஆண்டிலே அந்நிலை மாறியது. கேம்பிறிட்ஜிலே அசிம் சுரானியின் ஆய்கூடத்தைச் சேர்ந்த பூச்சோ டாங், அமெரிக்க நிறுவனமொன்றின் கைச்சின் லாவோ முதலியோருடன் கூடி, எலிக் கருவின் ஒரே ஒரு கலத்தின் தூது ஆர்.என்.ஏ.யை இயந்திரத்தால் வாசித்து அறிவித்தார். நான்கு கலப் பருவத்திலிருக்கும் கருவிலே இலட்சம் கலங்களுக்கு எங்கே போவது? இருப்பவை நான்கே. சிக்கனம் அங்கே விருப்பத்தால் வந்ததன்று, தேவையால் வந்தது. அக்காலத்தில் வழக்கிலிருந்த நுண்தகட்டு முறை காட்டியவற்றினும் 5,270 பரம்பரையலகுகள் கூடுதலாக, அதாவது நூற்றுக்கு 75 பங்கு மிகுதியாக, அவ்வொரு கலத்திலே புலப்பட்டன.

சிறு அளவிலிருந்து நூலகம் அமைக்கும் படிகளைச் சுருக்கமாகக் கூறலாம். முதலிற் கலத்தை ஒரு துளி நீர்மத்தில் உடைத்தல். பகை நொதியத்தை அடக்கும் புரதமொன்றையும் அதனுடன் சேர்த்தல். ‘ரீ’ சரத்தால் தூதின் வாலைப் பற்றுதல். எதிர்ப்பெயர்ப்பு நொதியத்தால் டீ.என்.ஏ. எழுதுதல், அதனைப் பெருக்குதல், பெருகியதைச் சில நூறு எழுத்து நீளமுடைய துண்டுகளாக்குதல், இயந்திரம் அடையாளம் காணும் இணைப்புத் துண்டுகளை இரு நுனியிலும் ஒட்டுதல், மிகச் சிறியவற்றையும் பயனற்றவற்றையும் களைதல். எழுதிக் காட்டுவது எளிது. ஒவ்வொரு படியிலும் ஒரு பொறி காத்திருக்கின்றது. பொருள் மிகக் குறைவானால் இணைப்புத் துண்டுகள் ஒட்டுவதற்கு ஆளின்றித் தம்முள்ளே ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது இயந்திரம் வாசிப்பது வெறும் அட்டைகளை. உள்ளே ஏடு இராது. வெளியிலிருந்து புகுந்த ஒரு சிறு மாசும், மெய்ப்பொருள் அற்பமாயிருப்பதனால், மலைபோல் தோன்றும்.

இப்பொறிகளைத் தாண்டிய முறைகளுள் சுவீடனிற் பிறந்தது ஒன்று. எலிகளுக்கு வெண்குருதிப் புற்றுநோய் தரும் வைரசொன்றின் எதிர்ப்பெயர்ப்பு நொதியம், தூதின் முடிவை அடைந்ததும் தன்னிச்சையாகச் சில ‘சீ’ எழுத்துக்களைக் கூட்டி எழுதும் இயல்புடையது. அவ்வெழுத்துக்களுக்கு இணையான சிறு சரமொன்றைக் குழாயில் இட்டு வைத்தால், நொதியம் தூதை விட்டு அச்சரத்துக்குத் தாவி, அதையும் தொடர்ந்து பெயர்த்து முடிக்கும். தூது முழுவதும் இருநுனிக் குறியோடு கிடைத்துவிடுகின்றது. தனியே ஒட்டும் வேலையும் அதனால் வரும் இழப்பும் இல்லை. இத்தாவலைக் கொண்டு ரிக்கார்ட் சாண்ட்பேக் குழுவினர் 2012இல் ஸ்மார்ட்-செக் என்னும் முறையை வெளியிட்டு, புற்றுநோயாளரின் குருதியில் மிதந்து திரியும் அரிய புற்றுக் கலங்களை அதனால் ஆராயலாம் என்றும் காட்டினர். 2013இல் சிமோன் பிச்செல்லி முதலியோர் அதனைத் திருத்தி ஸ்மார்ட்-செக்2 ஆக்கினர். மக்னீசியத்தின் அளவைக் கூட்டியதும், பீற்றேயின் என்னும் பொருளைச் சேர்த்ததும், தாவல் சரத்தின் ஓர் எழுத்தை உறுதியாக்கியதுமே பெரும்பான்மையான திருத்தங்கள். சமையலில் உப்பும் நெருப்பும் சரிபார்ப்பது போன்ற சிறு திருத்தங்களே பிடிபடும் தூதின் தொகையை உயர்த்தின.

அதே 2012இல் இஸ்ரவேல் நாட்டு ஹைபா நகரிலே இத்தாய் யனாய் குழுவினர் எபர்வைனின் பழைய வழியை உயிர்ப்பித்தனர். ஒவ்வொரு கலத்தின் தூதுக்கும் தனித்தனி எழுத்துக் குறியொன்றை இட்டு, பின்னர்ப் பல கலங்களின் பொருளை ஒரே குழாயிற் சேர்த்துப் பெருக்கினர். ஒரு கலத்துக்குப் போதாத அளவு பல கலம் கூடியபோது போதியதாயிற்று. குறி இருந்தமையால் யாருடையது எது என்னும் குழப்பமும் எழவில்லை. சிறுசிறு தொகையாகச் சீட்டுப் பிடிப்பவர் அனைவரும் ஒரே பெட்டியில் இட்டாலும் கணக்கேட்டிலே பெயர் இருப்பதனால் வழக்கு எழாதது போன்றது இது.

பெருக்கத்தால் வரும் பொய்க்கணக்குக்கும் இத்தகைய குறியே மருந்தாயிற்று. பெருக்குவதற்கு முன்பே ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி முத்திரை இட்டுவிட்டால், பின்னர் ஆயிரம் படி வந்தாலும் முத்திரை ஒன்றாயின் மூலம் ஒன்றே எனக் கொள்ளலாம். படிகளை எண்ணாது முத்திரைகளை எண்ணும் இவ்வுபாயத்தைக் கிவியோயா முதலியோர் 2012இல் விளக்கிக் காட்டினர். ஸ்ரொக்ஹோமிலே ஸ்டென் லின்னார்சன் குழுவினர் 2014இல் தனிக் கலங்களுக்குப் பயன்படுத்தினர். ஏடு பெயர்ப்போர் எத்தனை பேராயினும் ஒவ்வொருவரும் தாம் பார்த்த மூல ஏட்டின் அடையாளத்தை முதல் வரியிற் குறித்துவிட்டால், மூல ஏடுகள் எத்தனை என்பதை எவரும் எண்ணிவிடலாம் அன்றோ? எளிய எண்ணம், அதனாற் பெருக்கத்தின் பொய் பெரிதும் அடங்கிற்று.

2015 மே மாதத்தில் அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதியிலே இரண்டு குழுவினர் மற்றொரு பாய்ச்சலை அறிவித்தனர். எண்ணெயிலே மிதக்கும் நுண்ணிய நீர்த்துளி ஒவ்வொன்றையும் ஒரு பரிசோதனைக் குழாயாக்கி, துளிக்கொரு கலமும் குறியிட்ட மணியொன்றும் அகப்படுமாறு செய்தனர். அவர்களுள் ஒரு குழுவினர் எலியின் விழித்திரையிலிருந்து 44,808 கலங்களை வாசித்து 39 வகையாகப் பிரித்தனர். ஹொலியின் காலத்து மூட்டைகளிலிருந்து துளிக்குள் வந்து சேர ஐம்பது ஆண்டுகள் சென்றன. 2016 ஒக்தோபரில் அறிஞர் பலர் இலண்டனிற் கூடி, மனித உடலின் கலவகை அனைத்தையும் பட்டியலிடும் உலகளாவிய முயற்சியைத் தொடங்கினர்.

இவ்வளவு முயற்சியால் விளைந்த பயன் யாது என்று வினவுவோருக்கு ஓர் உதாரணம் போதும். சிஸ்ரிக் பைபுரோசிஸ் என்பது நுரையீரலிலே தடித்த சளி தேங்கி இளமையிலேயே உயிரை வாட்டும் பரம்பரை நோய். அதற்குக் காரணமான பரம்பரையலகு 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது மூச்சுக்குழாயின் எந்தக் கலத்திலே தொழிற்படுகின்றது என்பதிலே நெடுநாள் தெளிவு இல்லை. 2018இல் இரண்டு குழுவினர் மூச்சுக்குழாயின் கலங்களைத் தனித்தனியே வாசித்தபோது, நூற்றுக்கு ஒன்றும் தேறாத ஒரு புதிய கலவகை வெளிப்பட்டது. எலியிலே அப்பரம்பரையலகின் தூதிற் பெரும்பகுதி அந்த அரிய கலங்களிலேயே காணப்பட்டது. பானையைக் கூழாக்கியவர் கண்ணுக்கு அகப்படாத எள் அதுவே. மனிதரின் மூச்சுக்குழாயிலோ சுரக்கும் கலங்களுக்கே பெரும்பங்கு உண்டு என்று 2021இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. ஓர் உயிரிற் கண்டதை மற்றோர் உயிருக்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது என்பதும் இதனாற் பெறப்படும் பாடம்.

இம்முறைகள் குறையற்றன அல்ல. கலத்திலே சில இலட்சம் தூதுகள் இருக்க, பல முறைகளிற் பிடிபடுவன பத்தில் ஒன்று அல்லது இரண்டே. ஒரு பரம்பரையலகின் தூது இரண்டு மூன்றே இருந்தால், அது கண்ணில் அகப்படாமல் நழுவுவதே பெரும்பான்மை. ஆகையால் ‘காணப்படவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று வாசித்தல் தவறு. அளவு தெரிந்த செயற்கை ஆர்.என்.ஏ.யை உடன் சேர்த்து, அது எவ்வளவு மீள்கின்றது என்று பார்த்துத் தம் தராசை ஆராய்ச்சியாளர் தாமே சோதிப்பதும் இதனாலேயே. வாலறுந்து சிதைந்த ஆர்.என்.ஏ. மட்டுமே கிடைக்கும் பழைய நோய்க்கூற்று மாதிரிகளுக்கு ‘ரீ’ சரத்தூண்டில் உதவாமையால் வேறு முறைகள் கையாளப்படுகின்றன.

மூட்டையிலிருந்து துளிக்கு வந்த இவ்வழியிலே சாதனத்தின் திறமைக்கு நிகராக மற்றொன்றும் வளர்ந்திருக்கின்றது. அது தம் கருவியின்மீது தாமே கொண்ட ஐயம். ஹொலி இரண்டு நொதியங்களால் வெட்டி ஒன்றை மற்றதால் சரிபார்த்தார். எபர்வைன் படியிலிருந்து படி எடுக்க அஞ்சினார். பின்வந்தோர் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் முத்திரை இட்டனர். நிறையப் பொருள் இருக்கும்போது பிழை தானே கரைந்துபோகும். பொருள் அற்பமாயிருக்கும்போதோ பிழையும் உண்மையும் ஒரே நிறையில் நிற்கும். நோயாளியின் உடலிலிருந்து ஊசிமுனையளவு எடுக்கப்படும் இழையம் திரும்பக் கிடைப்பதன்று. அதை வைத்துச் சொல்லப்படும் சொல்லை நம்பியே மருந்து கொடுக்கப்படும். அச்சிறு துளிக்குச் சாட்சிக்கூண்டில் இடம் தருமுன், அதன் சாட்சியத்தைக் கேட்கவும் சோதிக்கவும் கற்றுக்கொண்டதே இவ்வரலாற்றின் பெரும்பேறு எனலாம்.